குண்டான் வழிந்த நேரம்

பலராமன் முள்ளிப்பட்டிலிருந்து சைக்கிளில் வந்து இறங்கியபோது தலைமுதல் கால்வரை தொப்பலாக நனைந்திருந்தார். நனையாமல் வந்து சேர்ந்தது ஒன்றே ஒன்றுதான். பனியனுக்குள் பிளாஸ்டிக் பையில் சுற்றிச் சொருகியிருந்த பஞ்சாங்கம். தங்கை கன்னியம்மாளின் தலைமாட்டில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுது தீர்த்தார். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, பையின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டே தங்கை புருஷன் பச்சையப்பனைக் கேட்டார்.

“மாப்ள, உசுரு எத்தினி மணிக்குப் போச்சு?”

அன்று அந்தக் கேள்வியைக் கேட்கிற மூன்றாவது ஆள் அவர். முதலில் பச்சையப்பனின் மகள் ஜெயப்ரியா கேட்டாள். அடுத்து, சத்தம் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டு முனியம்மாள் கேட்டாள். சாவு வீட்டில் வழக்கமாகக் கேட்பதுதான், தப்பொன்றும் இல்லை. பக்கத்தில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து உயிர் போயிருந்தால் தெரியாது என்று சொல்லிவிடலாம். பச்சையப்பன் பக்கத்திலேயேதான் இருந்தார். ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து, காலையிலிருந்து அவளிடம் பேசிக்கொண்டே இருந்தார். இருந்தும் அவருக்குத் தெரியவில்லை. இதை எந்த வாயால் சொல்வது?

“ஒரு மணிக்கு நான் கஞ்சி எடுத்துகினு வந்தேன் மாமா. அப்பதான் பாத்தோம்,” என்றாள் ஜெயப்ரியா.

“பாத்தது அப்பம்மா. போனது எப்ப?”

பலராமன் விரலில் எச்சில் தொட்டுப் பக்கத்தைப் புரட்டினார். மறுநாள் ஐப்பசிப் பௌர்ணமி, கோயிலில் அன்னாபிஷேகம். இன்றைக்குப் பகல் பதினொன்று இருபது வரைக்கும் ரேவதி. அதற்கு மேல் அஸ்வினி. அவர் அந்த வரியில் விரலை வைத்தபடியே நிமிர்ந்து கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

ரேவதியில் உயிர் போனால் அடைப்பு. உயிர் போன இடத்தை ஆறு மாதம் பூட்டி வைக்க வேண்டும். பொழுது சாய விளக்கு வைக்கத் திறக்கலாம், மற்றபடி மனுஷர் புழங்கக் கூடாது. மீறிப் புழங்கினால் போனவர் தனியாகப் போகாமல் வீட்டிலிருந்து துணைக்கு ஆளைக் கூப்பிடுவார் என்று பயம். அஸ்வினி என்றால் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. பதினாறாம் நாள் காரியத்தோடு சரி.

நாலு அறை உள்ளவர்கள் ஓர் அறையைப் பூட்டிவிட்டு மற்ற மூன்றில் இருந்துகொள்வார்கள். இந்த வீட்டில் இருந்ததே ஒரு கூடம். அதில் முக்கால் பங்கைத் தறி பிடித்துக்கொண்டது. பின்பக்கம் ஒரு சமையலறை, அதற்கும் கூடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். கூடத்தைப் பூட்டினால் வீட்டையே பூட்டிவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். தறியில் பாதி நெய்த முகூர்த்தப் புடவை கிடந்தது. ஆறு மாதம் பூட்டினால் அது எலிக்குத்தான். பச்சையப்பன் களம்பூரில் மகள் வீட்டில், மருமகன் அரிசி மில் வேலை முடிந்து வரும் வரைக்கும் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

“நல்லா ரோசன பண்ணிச் சொல்லு மாப்ள,” என்றார் பலராமன். “பதினொன்னரைக்கு மேலதான இருக்கும்?”

பச்சையப்பன் கூடத்தின் மூலையில் இருந்த அலுமினியக் குண்டானைப் பார்த்தார். ஓட்டிலிருந்து சொட்டு விழுந்துகொண்டிருந்தது.

அந்த மழை தீபாவளி கழிந்த மூன்றாம் நாள் பிடித்தது. 

அந்த வருஷத்து மழையைப் பற்றி ஆரணியில் யாரைக் கேட்டாலும் ஒரு கதை சொல்வார்கள். வருஷத்தில் பத்து மாதம் மணலாகக் கிடக்கிற கமண்டல நாகநதி கரை முட்ட ஓடியது. தறிக்காரர் தெருவில் சத்தமே இல்லை. குழித்தறிகளுக்கு மழைதான் எமன். குழிக்குள் ஊற்று எடுத்து, கால் மிதிக்கிற கட்டைகள் தண்ணீரில் மிதக்கும். நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு நூல் ஈரத்தை வாங்கிக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், இழுத்தால் அறும். மழை விட்டு நாலு வெயில் அடிக்கிற வரைக்கும் தறியில் கை வைக்க முடியாது. பச்சையப்பனும் பாவின் மேல் பிளாஸ்டிக் ஷீட்டைப் போர்த்திவிட்டுச் சும்மா உட்கார்ந்தார். பன்னிரண்டு வயதில் தறிப்பலகையில் ஏறியவர். சும்மா உட்கார்வது எப்படியென்று அவருக்குத் தெரியாது.

கன்னியம்மாளைப் புரட்டாசியிலேயே வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்கள். வயிற்றில் கட்டி. செய்ய ஒன்றுமில்லை, வீட்டில் வைத்து நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, வலிக்கு மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். நன்றாகப் பார்த்துக்கொள்வது என்றால் என்னவென்று பச்சையப்பனுக்கு விளங்கவில்லை. தீபாவளி வரைக்கும் கரைக்கு வேறு ஆள் வைத்து நெய்துகொண்டிருந்தார். அந்த ஆளோடு கை சேரவில்லை.

கரை என்பது புடவையின் ஓரம். ஆரணியில் அதற்கு, ஊடு நூலைக் கொண்டுபோகிற தனி நாடா உண்டு. உடம்புக்கு ஒருவர் நாடா வீச, கரைக்கு இன்னொருவர் வலப்பக்கம் உட்கார்ந்து நாடா போட வேண்டும். கல்யாணமாகி மூன்றாம் மாதம் அந்த வலப்பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள் கன்னியம்மாள். முப்பத்தோரு வருஷம் இரண்டு பேரும் ஒரே பலகையில் தோளோடு தோள் உட்கார்ந்தார்கள். அப்படி உட்கார்கிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. இரண்டு பேரும் பார்ப்பது பாவைத்தான். சண்டையும் பாவைப் பார்த்துத்தான், சமாதானமும் பாவைப் பார்த்துத்தான். தறிச் சத்தத்தில் ‘ம்’ கொட்டினால் கேட்காது என்று கன்னியம்மாள் பலகையில் விரலால் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் சரி, மேலே சொல். இரண்டு தட்டு என்றால் அளக்காதே, எனக்குத் தெரியும்.

மழை பிடித்த அன்று பச்சையப்பன் தறிப்பலகைக்கு வலப்பக்கம், சுவரை ஒட்டி அவளுக்குப் படுக்கை போட்டார். கூடத்தில் தறி போக ஒழுகாத இடம் அது ஒன்றுதான். தலையணை இரண்டை முதுகுக்குக் கொடுத்துச் சாய்த்து உட்கார வைத்தால், தறியைத் தாண்டி, திறந்த வாசல் வழியாகத் தெருவில் மழை பெய்வது தெரியும். அவர் தன் இடத்தில், பலகையின் இடப்பாதியில் காலை மடக்கி உட்கார்ந்துகொள்வார். அவள் இடக்கை நீட்டினால் பலகை எட்டும்.

சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், சொல்லவும் கூச்சமாக இருக்கும், ஆனால் அதற்குப் பிறகு வந்த நாட்களில் பச்சையப்பன் சந்தோஷமாக இருந்தார்.

காலையில் எழுந்து குழியிலிருந்து முப்பது வாளி தண்ணீர் இறைப்பார். மத்தியானத்துக்குள் திரும்ப ஊறிவிடும். ஈரம் அவள் படுக்கைக்கு ஏறாமல் இருந்தால் போதும் என்று திரும்ப இறைப்பார். பிறகு சமையலறைக்குள் போவார். அடுப்பில் என்ன வைத்தாலும் கன்னியம்மாள் படுத்தபடி வாசனையிலேயே கண்டுபிடித்து, பெருங்காயம் போடவில்லை, பருப்பு அடிப்பிடிக்கிறது என்று குரல் கொடுப்பாள். ஒருநாள் ரசத்துக்கு இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டு, நன்றாகத்தான் இருக்கிறது என்று முழுங்கிக் காட்டினார். அவர் முழுங்கிய அழகைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் வயிறு வலித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “நீங்க உள்ள பூடுங்க, உங்கள பாத்தா சிரிப்பு வருது,” என்றாள். அவர் உள்ளே போய் நின்று தானும் சிரித்தார்.

வேர்க்கடலை வேகவைத்துக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்து உரித்துத் தின்பார். அவளால் தின்ன முடியாது. அந்த வாசனை பிடிக்கும் என்று கிண்ணத்தை மூக்குக்கு நேரே வைத்துக்கொள்ளச் சொல்வாள். கூடத்தில் மூன்று இடத்தில் ஒழுகியது. பித்தளைத் தவலை, அலுமினியக் குண்டான், பிளாஸ்டிக் பக்கெட் மூன்றையும் வைத்திருந்தார். சொட்டு விழுகிற சத்தத்தை வைத்தே எது நிறையப் போகிறது என்று கன்னியம்மாள் சொல்லிவிடுவாள். “குண்டான் ரொம்பிடுச்சி, எடுங்க,” என்பாள். அவர் எழுந்து போய்ப் பார்த்தால் விளிம்புக்கு ஒரு விரல் இருக்கும். ஒரு நாள்கூட எதுவும் வழிந்ததில்லை.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, அவள் தலை சடை பிடித்துப்போயிருந்ததைப் பார்த்துச் சீப்பை எடுத்தார். பின்னத் தெரியாது. ஆனால் சிக்கெடுப்பது அவருக்குக் கைவந்த வேலை. நுனியிலிருந்து தொடங்கி, ஒரு முடிகூட அறாமல், ஒரு மணி நேரம் எடுத்தார். அதற்காக அவளுக்கு எதிரே உட்கார வேண்டியிருந்தது. அப்போதுதான் அவள் வலப்பக்கப் புருவத்தில் குறுக்கே ஒரு தழும்பைப் பார்த்தார்.

“இது எப்ப பட்டுச்சி?”

“சின்ன வயசுல. கெணத்து மேட்டுல வுழுந்தேன்.” அவள் கொஞ்ச நேரம் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “நீங்க எப்பவும் அந்தப் பக்கமே குந்திகினு இருந்தா இந்தப் பக்கம் இன்னா தெரியும்?”

வலி வந்தால் மட்டும் இது எல்லாம் ஒன்றுமில்லாமல் போகும். அவள் சுவரைப் பிறாண்டுவாள். மாத்திரை கேட்காது. பச்சையப்பன் அவள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வேறென்ன செய்வது? கடவுளைத் திட்டுவார், மழையைத் திட்டுவார், எழுந்து போய்க் குழியில் தண்ணீர் இறைப்பார். வலி அடங்கி அவள் கண் அயர்ந்ததும் திரும்ப வந்து உட்கார்ந்தால், வெட்கங்கெட்ட மனசு திரும்பச் சந்தோஷப்படும்.

ஏழாம் நாள் மழை அரை மணி நேரம் விட்டது. தெருவில் வெயில் எட்டிப் பார்த்தது. பச்சையப்பன் தன்னையறியாமல் எழுந்து ஷீட்டைத் தூக்கிப் பாவைத் தொட்டுப் பார்த்தார்.

“மழ வுட்டா நீங்க தறிக்குப் பூடுவீங்க,” என்றாள் கன்னியம்மாள்.

குறையாகச் சொல்லவில்லை. இருப்பதைச் சொன்னாள். பச்சையப்பனிடம் அதற்கு ஒரு பதில் இருந்தது. தொண்டை வரைக்கும் வந்தது. அதற்குள் ஜெயப்ரியா களம்பூரிலிருந்து பஸ் பிடித்து, துணிப்பையோடு வாசலில் வந்து நின்றாள். மகள் எதிரில் அதையெல்லாம் பேச முடியாது. மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார். மறுநாள் கன்னியம்மாளுக்குக் குரல் அடங்கிவிட்டது. விரல் மட்டும்தான் பேசியது, குண்டான் நிறைந்தால் பலகையில் மூன்று தட்டு.

பதினோராம் நாள் காலை எட்டு மணிக்குப் பச்சையப்பன் மூன்று பாத்திரங்களையும் காலி செய்து வைத்தார். ஜெயப்ரியா அம்மாவுக்கு முகம் துடைத்து, பஞ்சில் பால் நனைத்து உதட்டில் வைத்துவிட்டுப் பின்பக்கம் துணி துவைக்கப் போனாள். பச்சையப்பன் தன் இடத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் வாசலைப் பார்த்தார்கள். மழை ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது.

அவர் பேச்சை ஆரம்பித்தார். முனியம்மாள் வீட்டு முருங்கைமரம் விடியற்காலம் சாய்ந்துவிட்டது என்று சொன்னார். ஒரு தட்டு. காய்களைத் தெருவே பங்கு போட்டுக்கொண்டது, நமக்கு ஆறு காய் வந்தது என்றார். ஒரு தட்டு. இன்றைக்கு முருங்கைக்காய் சாம்பார் தானே வைக்கப் போவதாகச் சொன்னார். இரண்டு தட்டு. அவர் சிரித்துக்கொண்டார். சந்தவாசல் பக்கம் ஏரி உடைந்துவிட்டதாம், பஸ் சுற்றிக்கொண்டு போகிறதாம் என்று சொன்னார். அதற்குத் தட்டு வந்ததா இல்லையா என்று அவர் கவனிக்கவில்லை. தூங்கியிருப்பாள் என்று நினைத்தார். தூங்குகிறவளிடம் பேசுவதும் அவருக்குப் பழக்கம்தான், தறியில் அவள் எத்தனையோ நாள் கண் சொருகிக்கொண்டே நாடா போட்டிருக்கிறாள்.

அப்படிப் பேசிக்கொண்டே காலைக் கீழே இறக்கியபோது ஜில்லென்று பட்டது. பார்த்தால் குண்டான் நிறைந்து வழிந்து, தண்ணீர் தரையோடு ஓடிவந்து பலகைக்குக் கீழே நின்றது. “இன்னா கன்னிமா, நீகூட சொல்லலயே,” என்று செல்லமாகக் கடிந்துகொண்டு எழுந்துபோய் ஊற்றிவிட்டு வந்தார். வந்து உட்கார்ந்தவருக்கு, மகள் பின்பக்கம் இருக்கிறாள், இப்போது விட்டால் வாய்க்காது என்று பட்டது. தறியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“மழ வுட்டா தறிக்குப் பூடுவன்னு சொன்ன இல்ல. எனுக்கு மழ வுட வேணாம். உனுக்கு வலி, எனுக்கு நல்லா இருந்துச்சின்னு சொன்னா பாவம். ஆனா நல்லா இருந்துச்சி. முப்பத்தோரு வருசமா நான் பலகைல ஏறறப்போ நூலு சுத்தி ரெடியா இருக்கும். யாரு எப்ப எழுந்து சுத்துனாங்கன்னு ஒருநாளு நெனச்சதில்ல. இந்தப் பதினோரு நாளுதான் நெனச்சேன். வேற ஒருத்தி வந்து குந்தியிருந்தா நான் இன்னா ஆயிருப்பனோ தெரியாது.”

சொல்லி முடித்ததும் காது சூடாகிவிட்டது. திரும்பிப் பார்க்க வெட்கம். பலகையில் அவள் கை அவர் கைக்குப் பக்கத்தில் இருந்தது, அதன் மேல் தன் கையை வைத்துக்கொண்டார். குளிராக இருந்தது. மழைக் குளிர் என்று நினைத்தார். தன் உள்ளங்கையில் மெல்ல ஏதோ தட்டியது போலிருந்தது. அது அவள் விரலா, அவருடைய நாடியேதானா? அப்போது யோசிக்கவில்லை, அவள் விரல்தான் என்று எடுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து நகராட்சிச் சங்கு பன்னிரண்டு ஊதியது. அப்புறமும் அப்படியே உட்கார்ந்திருந்தார். ஒரு மணிக்குக் கஞ்சியோடு வந்த ஜெயப்ரியாதான் கிண்ணத்தைக் கீழே போட்டாள்.

கன்னியம்மாளின் கண்கள் திறந்தபடி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தன. அவற்றை மூடியது பச்சையப்பன்தான்.

“மாப்ள,” என்றார் பலராமன். “உன்னத்தான கேக்கறேன்.”

கணக்கு ஒன்றும் கஷ்டமானதில்லை. இந்த மாதிரி மழைக்குக் குண்டான் நிறைய மூன்று மணி நேரம். பதினோரு நாளாக எடுத்து ஊற்றுகிற அவருக்கு இது பாடம். எட்டு மணிக்குக் காலி செய்தது பதினொன்றுக்கு வழிந்திருக்கிறது. ஒரு நாளும் வழிய விடாதவள் வழிய விட்டிருக்கிறாள். சொல்லிவிட வேண்டியதுதான். நாளைக்கு வீட்டில் ஒன்று ஆகிவிட்டால்? ஜெயப்ரியாவுக்கு ஏதாவது வந்துவிட்டால்? ஆனால் அதைச் சொன்னால், குண்டானுக்குப் பிறகு அவர் பேசியது எல்லாம் யாரிடம் பேசியது? வீட்டைப் பூட்டிவிட்டுப் போகச் சொன்னால் போய்விடுவார். இதை மட்டும் ஒப்புக்கொள்ள அவரால் முடியவில்லை.

“மச்சான், அந்தக் குண்டான்...” என்று, மகளை நினைத்து, ஆரம்பித்தார்.

“சங்கு ஊதறப்போ நான் எட்டிப் பாத்தேன் மாமா,” என்றாள் ஜெயப்ரியா. கண்ணைத் துடைத்துக்கொண்டு, நிமிர்ந்து, தெளிவாகச் சொன்னாள். “அம்மா கண்ணத் தொறந்து மழையப் பாத்துகினு இருந்தாங்க. அப்பா பேசிகினு இருந்தாரு.”

பலராமன் நீளமாக மூச்சு விட்டார். முனியம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். “அஸ்வினிதான், நல்ல சாவு,” என்று பலராமன் சொல்ல, வாசலில் கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றவர்கள் ஆளுக்கு ஆள் அதைச் சொன்னார்கள். பஞ்சாங்கம் திரும்பப் பிளாஸ்டிக் பைக்குள் போனது. பச்சையப்பன் மகளைப் பார்த்தார். கன்னியம்மாளின் கண் திறந்துதான் இருந்தது, ஒரு மணிக்கும் திறந்துதான் இருந்தது. மகள் இவரைப் பார்க்காமல் அம்மாவின் காலில் மஞ்சள் பூசிக்கொண்டிருந்தாள்.

“மழ கொஞ்சம் கம்மியா கீது, ஜல்தியா எடுத்துடலாம்,” என்றார்கள். எடுத்தார்கள். ஆண் பிள்ளை இல்லாத வீடு, பச்சையப்பனே கொள்ளிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். மேளக்காரர்கள் மேளத்தை நனைய விடாமல் துணிக்குள் மூடிக்கொண்டு வெறுமனே கூட வந்தார்கள். தெருத் திரும்புவதற்குள் மழை திரும்பப் பிடித்துக்கொண்டது. சட்டியின் மேல் யாரோ வாழையிலையைப் பிடித்தார்கள். அப்படியும் அது அணைந்து புகைந்தது.

ஆற்றங்கரையில் வெட்டியிருந்த குழியில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. இரண்டு பேர் இறங்கி இறைக்க இறைக்கப் பக்கத்திலிருந்து ஊறியது. நதி அந்தப் பக்கம் சேறும் மரக்கிளையுமாக ஓடிக்கொண்டிருந்தது. எல்லோரும் சும்மா நின்று பார்த்தார்கள். பச்சையப்பன் யாரும் எதிர்பார்க்காத நேரத்தில் குழிக்குள் இறங்கி, வெட்டுகிறவர் கையிலிருந்த வாளியைப் பிடுங்கிக்கொண்டார். பதினோரு நாளாகப் பழகிய கை, மற்ற இரண்டு பேரைவிட வேகமாக இறைத்தது. எண்ணிக்கொண்டே இறைத்தார். முப்பதுக்கு அடி மண் தெரிந்தது. நிமிர்ந்து, இப்போது ஆகட்டும் என்பது போலப் பலராமனைப் பார்த்தார். அவர் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினார். அவர்கள் அவளைத் தூக்கிக் கொண்டுவந்து இறக்குவதற்குள் கணுக்கால் அளவு திரும்ப ஊறிவிட்டது. ஒன்றும் செய்வதற்கில்லை. அப்படியேதான் இறக்கினார்கள்.

வீட்டுக்குத் திரும்பித் தலைமுழுகும்போது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. தலைமாடு இருந்த இடத்தில் ஜெயப்ரியா விளக்கு ஏற்றி, ஒரு சொம்புத் தண்ணீர் வைத்திருந்தாள். பலராமன் பக்கத்துத் தெருவில் இருந்த உறவுக்காரர் வீட்டுக்கு ஈரம் மாற்றப் போனார். முனியம்மாள் இட்லி கொண்டுவந்து வைத்துவிட்டு, சாப்பிட வையம்மா என்று சொல்லிவிட்டுப் போனாள். சுருட்டிக் கட்டிய படுக்கையை மழையிலேயே வெளியே போட்டுவிட்டார்கள். கூடத்தில் அந்த இடம் மட்டும் பளிச்சென்று காலியாக இருந்தது.

பச்சையப்பன் சுவரோரமாக நின்றார். பலகைக்குக் கீழே தரை உலர்ந்திருந்ததைக் கண்டார். சாவு வீட்டுக்கு ஊரே காலில் சேற்றோடு வந்து போயிருக்க, அந்த ஓர் இடம் மட்டும் துணி போட்டு ஒற்றி எடுத்தது போல் இருந்தது. ஜெயப்ரியா சமையலறை நிலைப்படியில் நின்றுகொண்டு அவரையே பார்த்தாள்.

“அம்மாவப் பாத்தவுடனே அந்தத் தண்ணிய நான்தான் தொடச்சேன்,” என்றாள். “குண்டான் வழிஞ்சது எனுக்குத் தெரியும்பா.”

பச்சையப்பன் குனிந்து அந்த உலர்ந்த தரையைத் தொட்டுப் பார்த்தார்.

“மாமா கிட்ட சொல்ல மாட்டேன்.”

“உனுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?”

“அம்மாவா என்னக் கூப்புடுவாங்க?” என்றாள் அவள். “கஞ்சி வைக்கறேன். இட்லி எறங்காது உங்களுக்கு.” உள்ளே போய் ஸ்டவ்வைப் பம்ப் அடித்துப் பற்றவைத்தாள். அதன் இரைச்சல் கூடம் முழுக்க நிறைந்தது.

அவர் கொஞ்ச நேரம் எங்கே போவது என்று தெரியாதவர் போல நின்றார். வெளியே மழை சீராகப் பெய்துகொண்டிருந்தது, விடுகிற மாதிரி இல்லை. மூலையில் சொட்டு விழுகிற சத்தம் மாறியிருந்தது. பச்சையப்பன் போய்க் குனிந்து பார்த்தார். குண்டான் விளிம்புக்கு ஒரு விரல் இருந்தது. எடுத்துக்கொண்டுபோய் வாசலில் ஊற்றினார். தவலையையும் பக்கெட்டையும் ஊற்றினார். மூன்றையும் அவையவை இருந்த இடத்தில் சரியாக வைத்தார். இனி மூன்று மணி நேரத்துக்குக் கவலையில்லை.

பலகையின் இடப்பாதியில் ஏறிக் காலை மடக்கி உட்கார்ந்தார். வலது கையைப் பலகையில் வைத்துக்கொண்டு, தறியைத் தாண்டி, திறந்த வாசலைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

“கன்னிமா, முனியம்மா வூட்டு முருங்க சாஞ்சி பூடுச்சி,” என்றார்.

ஒரு தட்டுக்கு ஆகிற நேரம் விட்டார்.

“நமக்கு ஆறு காய் குடுத்தாங்க.”

உள்ளே ஸ்டவ்வின் இரைச்சல் நின்றது. ஜெயப்ரியா வெளியே வரவில்லை. பச்சையப்பன் வாசலைப் பார்த்தபடியே, சந்தவாசல் ஏரி உடைந்ததைச் சொல்ல ஆரம்பித்தார்.